தாய்ப்பால் குடிக்கும் ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு, விலக்கிய உணவுகளை மீண்டும் கொடுப்பது எப்படி?

செம்பருத்தி:

என் மகனுக்கு ஒன்றேகால் வயது. இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது மலத்தில் சளியும் அவ்வப்போது இரத்தக் கீற்றும் தென்பட்டன. கன்னங்களிலும் முழங்கை மடிப்புகளிலும் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) இருந்தது. மருத்துவர் சொன்னபடி பசும்பாலையும் அதில் செய்தவற்றையும் நான் உண்பதை விட்டேன். சில வாரங்களில் மலம் சீரானது. கரப்பான் மட்டும் வந்து வந்து போனதால் அதன்பின் சோயா, முட்டை, கோதுமை, வேர்க்கடலை ஆகியவையும் என் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகின. அவனுக்கும் இவற்றை நேரடியாகக் கொடுத்ததில்லை.

இப்போது அவன் எடையும் உயரமும் ஒழுங்காகக் கூடுகின்றன. தோலும் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. மருத்துவர் இனி மெல்ல மெல்ல உணவுகளைத் திரும்பச் சேர்க்கலாம் என்கிறார். எந்த வரிசையில், எவ்வளவு, யார் முதலில் உண்பது என்பதெல்லாம் அந்தச் சிறிய சந்திப்பில் பேசப்படவில்லை. நான் உண்டு பார்த்துவிட்டுப் பிறகு அவனுக்குக் கொடுப்பதா, அல்லது நேராக அவனுக்கே தொடங்குவதா? எதை எதிர்வினை என்று கொள்வது, எதைப் பல் முளைப்பதன் கணக்கில் எழுதுவது? இந்த வழியைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

தும்பை:

என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். குழந்தை நன்றாக இருக்கிறது, எடை ஏறுகிறது, தோல் தெளிந்திருக்கிறது என்றால் அவசரம் எதற்கு? என் மூத்தவளுக்குப் பாலும் முட்டையும் மூன்று வயது வரை கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. குடல் முதிரட்டும் என்று காத்திருப்பதில் இழப்பு ஏதும் இல்லை என்பதே என் அனுபவம்.

மகிழம்பூ (குழந்தைகளுக்கான உணவியலாளர்):

தும்பை அவர்களின் மகளுக்கு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் காத்திருப்பதில் இழப்பு இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன், குறிப்பாகக் கரப்பான் உள்ள குழந்தைகளின் விஷயத்தில். அத்தகைய குழந்தை ஓர் உணவை அவ்வப்போது உண்டுகொண்டிருக்கும்போது உடல் அதைச் சகித்துக்கொள்ளப் பழகுகிறது. அதே உணவை நீண்ட காலம் முற்றிலும் நிறுத்தினால், முன்பு தோலில் மெதுவாகத் தோன்றிய தொல்லைக்குப் பதிலாக, திரும்பக் கொடுக்கும் நாளில் உடனடி ஒவ்வாமை எழக்கூடும். இது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளது. வேர்க்கடலையைப் பற்றி 2015-இல் வெளியான 'லீப்' ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதியினர் முதல் வயதிலிருந்தே வேர்க்கடலையை ஒழுங்காக உண்டார்கள், மறுபாதியினர் ஐந்து வயது வரை தவிர்த்தார்கள். தவிர்த்தவர்களிடம்தான் வேர்க்கடலை ஒவ்வாமை பல மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது.

ஆகவே விலக்கு என்பதை நான் ஒரு மருந்தைப் போலப் பார்க்கிறேன். தேவை இருக்கும்வரை, தேவையான அளவுக்கு, முடிவு நாள் குறித்து. அந்தப் பட்டியல் காலப்போக்கில் சுருங்க வேண்டுமே தவிர நீளக் கூடாது.

செம்பருத்தி அவர்களே, வரிசையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். நீக்கிய ஐந்து உணவுகளில் ஒவ்வொன்றும் எந்த அறிகுறிக்காக நீக்கப்பட்டது, நீக்கியபின் என்ன மாறியது, அதற்குப் பின் எப்போதாவது தவறி உட்கொள்ளப்பட்டதா? குறிப்பாக, உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், வாந்தி, தொடர் இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றில் எதுவும் வந்ததுண்டா? அப்படி வந்திருந்தால் அந்த உணவின் பாதை வேறு. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துக் குடலிலும் தோலிலும் மட்டும் தெரிந்தவற்றின் பாதை வேறு.

செம்பருத்தி:

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பாலை நீக்கியதும் மலம் தெளிந்தது. ஒருமுறை பால்பொடி கலந்த உணவை அறியாமல் உண்டபோது இரண்டாம் நாள் சளி மீண்டும் வந்தது. எனவே பால்தான் காரணம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சோயாவை நீக்கியதால் என்ன மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோதுமையும் அப்படியே. வேர்க்கடலையைப் பயத்தில்தான் விட்டேன்.

முட்டையைப் பற்றி ஒன்று. பத்து மாத அளவில் உறவினர் ஒருவர் தம் தட்டிலிருந்த வேகவைத்த முட்டையில் ஒரு சிறு துண்டை அவன் வாயில் வைத்துவிட்டார். கால் மணி நேரத்துக்குள் வாயைச் சுற்றியும் கழுத்திலும் தடிப்புகள் எழுந்தன. ஒரு மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிட்டதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டையில் தொடங்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன், ஏனென்றால் கேக்கில் கலந்து கொடுப்பது எளிது.

மகிழம்பூ:

முட்டையை வீட்டில் தொடங்க வேண்டாம். கேக்கில் கலந்தும் வேண்டாம். நீங்கள் எழுதியது உடனடி ஒவ்வாமையின் சாயலில் இருக்கிறது. ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தின் வழியாக வரும் இந்த வகையில், முதல்முறை சில தடிப்புகளோடு நின்றது அடுத்த முறையும் அவ்வாறே நிற்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒவ்வாமை மருத்துவரிடம் இந்நிகழ்வை நேரம், அளவு, அறிகுறி ஆகியவற்றோடு சொல்லித் தோல் குத்துச் சோதனையோ இரத்தத்தில் முட்டைக்குரிய ஐஜிஇ சோதனையோ செய்யக் கேளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் நன்கு சுடப்பட்ட கேக்கிலுள்ள முட்டையைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகன் அவர்களில் ஒருவனா என்பதை, தேவைப்பட்டால், கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் மருத்துவக் கண்காணிப்போடு அறிவதே முறை.

அதே சந்திப்பில் பாலுக்கும் வேர்க்கடலைக்கும் சோதனை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கரப்பானும் முட்டை ஒவ்வாமையும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுதி. பால் பல மாதங்களாக முற்றிலும் விலக்கப்பட்டிருப்பதால், நான் முன்பு சொன்ன மாற்றம் நிகழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. அந்தச் சோதனை எதிர்மறையாக வந்தால் பாலை வீட்டிலேயே திரும்பச் சேர்க்கலாம்.

நெட்டிலிங்கம்:

நான் ஒரு தந்தை. எங்கள் வீட்டில் இந்த வேலையின் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. மகிழம்பூ அவர்கள் மருத்துவப் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் கணக்குப் பக்கத்தைச் சொல்கிறேன்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் உணவு இரண்டு வாயில்களின் வழியாக வருகிறது. ஒன்று அம்மாவின் தட்டு, மற்றொன்று குழந்தையின் தட்டு. ஒரே வாரத்தில் அம்மா சோயாவைத் தொடங்கி, குழந்தை கோதுமையைத் தொடங்கினால், அந்த வார இறுதியில் எது என்ன செய்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. எனவே ஒரு நேரத்தில் ஒரு வாயில், ஒரு உணவு. காய்ச்சல், சளி, தடுப்பூசி போட்ட நாள், பயணம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கும் நாட்கள், பல் முளைத்து உமிழ்நீர் ஒழுகிக் கன்னம் சிவந்திருக்கும் நாட்கள் ஆகியவற்றில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. கரப்பானுக்குரிய களிம்பை மாற்றும் வாரமும் இதில் சேரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோல் ஓரளவு அமைதியாக இல்லாத நிலையில், தோலை வைத்து உணவைத் தீர்மானிக்க இயலாது.

பதிவேட்டில் நான் எழுதியவை குறைவு: என்ன உணவு, எந்த வடிவம், எவ்வளவு, எத்தனை மணிக்கு; மலம், தோல், உறக்கம். உறக்கத்தைப் பற்றி எழுதினாலும், அதை மட்டும் வைத்து எந்த உணவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். ஒன்றேகால் வயதுக் குழந்தை இரவில் எழுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

மகிழம்பூ அவர்களிடம் ஒரு கேள்வி: அம்மா முதலில் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அது எப்போதும் சரியா?

மகிழம்பூ:

எப்போதும் என்று சொல்ல மாட்டேன். அளவைப் பார்த்தால் காரணம் விளங்கும். பசும்பாலில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம், பால் அருந்திய தாய்மார்கள் பலரின் தாய்ப்பாலில், ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் காணப்படுகிறது. சிலரிடம் காணப்படுவதே இல்லை. பசும்பாலிலோ அதே ஒரு மில்லிலிட்டரில் சுமார் 3 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது பல இலட்சம் மடங்கு. ஆகவே அம்மா உண்பது குழந்தைக்கு மிக மெல்லிய தொடக்கம். அதில் தொல்லை இல்லையென்றால் அம்மாவின் தட்டு விடுதலை பெறுகிறது. ஆனால் குழந்தை நேரடியாக உண்ணலாம் என்பதற்கு அது சான்று ஆகாது.

இதைத் திருப்பிப் பார்ப்பதும் பயனுள்ளது. குழந்தை நேரடியாக உண்டு தாங்கிக்கொள்கிற ஒன்றை, அதே வடிவத்தில், அம்மா தவிர்ப்பதில் பொருளே இல்லை. ஒரு வயதைக் கடந்து, திட உணவு நன்றாக உண்ணும் குழந்தையிடம், ஐயம் குறைவான உணவுகளுக்கு நேராகக் குழந்தையின் தட்டிலேயே தொடங்கி, சரியானால் இருவருக்கும் சேர்த்து முடித்துவிடலாம். செம்பருத்தியின் பட்டியலில் கோதுமையும் சோயாவும் அந்த வகை. தெளிவான வரலாறு உள்ள பாலுக்கு அம்மா முதலில் என்பது ஏற்ற வழி. இரண்டு வாரம் போல அம்மா அன்றாட அளவில் பால் பொருட்களை உண்டு பார்த்து, மலமும் தோலும் அப்படியே இருந்தால், குழந்தைக்குத் தொடங்கலாம்.

குழந்தைக்குப் பாலைத் திரும்பக் கொடுக்க 'பால் ஏணி' என்றொரு முறை உண்டு. பசும்பால் ஒவ்வாமைக்கென 2017-இல் வெளியான ஐமேப் வழிகாட்டலில் இது ஆறு படிகளாகத் தரப்பட்டுள்ளது: பால் கலந்து சுட்ட பிஸ்கட், அடுத்து மஃபின் வகைச் சிறு கேக், பிறகு தோசைக்கல்லில் வார்க்கும் பான்கேக், பாலாடைக்கட்டி, தயிர், கடைசியாகப் பதப்படுத்திய பால். மிதமான, தாமதமாக வெளிப்படும் வகைக்கே இது உரியது. பிஸ்கட்டிலிருந்து தொடங்குவது ஏன் என்றால், நீண்ட நேரச் சூட்டில் சில புரதங்களின் வடிவம் குலைகிறது. கோதுமை மாவோடு சேர்ந்து சுடப்படும்போது பால்புரதம் அந்த மாவின் பிணைப்பில் சிக்கி, குடலுக்குக் கிடைப்பது குறைகிறது. அதிலும் எல்லாப் புரதமும் ஒரே மாதிரி இல்லை. பாலில் கேசினும் முட்டையில் ஓவோமியூகாய்டும் சூட்டைத் தாங்குபவை. அதனால்தான் சிலருக்குச் சுட்ட வடிவமும் ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஏணியின் முதல் படிகளுக்குக் கோதுமை வேண்டும், கேக்கிலும் பான்கேக்கிலும் பொதுவாக முட்டை இருக்கும். எனவே முதலில் கோதுமையை உறுதி செய்துகொண்டு, ஏணிக்குரியவற்றை முட்டையில்லாமல் வீட்டிலேயே செய்ய வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு துணுக்கில் தொடங்கிச் சில நாட்களில் அவன் வயதுக்குரிய வழக்கமான அளவை எட்டுங்கள். தாமதமாகத் தோன்றும் அறிகுறிக்கு இடம் விட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். சளியோ கரப்பானோ தெளிவாகத் திரும்பினால் முந்தைய படிக்கு இறங்கி, அதை விடாமல் தொடர்ந்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் ஏறிப் பாருங்கள். இறங்குவது என்பது எல்லாவற்றையும் நிறுத்துவது ஆகாது.

கொன்றை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே வயதில் மகள் இருக்கிறாள். ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுத்து நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து, முப்பதுக்கும் அதிகமான உணவுகளைச் சிவப்பில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை எல்லாம் நீக்க வேண்டுமா? மேலும், பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுத்தால் இந்த ஏணி எதுவும் தேவைப்படாது என்கிறார்களே?

மகிழம்பூ:

இரண்டு கேள்விகளுக்கும் என் விடை 'இல்லை' என்பதே. ஓர் உணவுக்கு ஐஜிஜி இருப்பது அந்த உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் எல்லாமே உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்திருக்கின்றன. அந்தச் சிவப்புப் பட்டியலை வைத்து வளரும் குழந்தையின் உணவைக் குறைக்காதீர்கள்.

ஆட்டுப்பாலின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை மிக நெருக்கமாக ஒத்தவை. பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. லாக்டோஸ் நீக்கிய பாலும் இங்கே உதவாது, ஏனென்றால் அதில் சர்க்கரைதான் நீக்கப்பட்டிருக்கிறது, புரதம் அப்படியே இருக்கிறது. தாய்ப்பாலிலும் லாக்டோஸ் நிறைய உண்டு; அம்மா பால் அருந்தினாலும் அருந்தாவிட்டாலும் அதன் அளவு மாறாது.

தும்பை:

நீண்ட விலக்கைப் பற்றிச் சொன்னதைப் படித்தேன், யோசிக்க வைத்தது. ஆனாலும் என் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கை மகன் ஓட்ஸ் கஞ்சி உண்டு இரண்டு மணி நேரம் கழித்து ஓயாமல் வாந்தி எடுத்தான். முகம் வெளிறி, துணிபோலத் துவண்டுவிட்டான். தடிப்பு எதுவும் இல்லை. மருத்துவமனையில் நீர்மம் ஏற்றிய பிறகே தெளிந்தான். தடிப்பு இல்லாததால் இதைத் தாமத வகை என்று எண்ணி யாராவது வீட்டிலேயே மறுபடி கொடுத்துப் பார்த்துவிட்டால்?

மகிழம்பூ:

நீங்கள் இதை எழுதியது நல்லதாயிற்று. அந்த வருணனை எஃப்பைஸ் எனப்படும் நிலைக்குப் பொருந்துகிறது. உண்ட 1 முதல் 4 மணி நேரத்துக்குள் தொடர் வாந்தி, வெளிறுதல், சோர்வு, சில மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கு என்று வரும். பால், சோயா, அரிசி, ஓட்ஸ் ஆகியவை இதைத் தூண்டுபவற்றில் அடிக்கடி பேசப்படுபவை. தோல் குத்துச் சோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. இந்த வரலாறு உள்ள உணவை வீட்டில் திரும்பக் கொடுக்கவே கூடாது. கடைசி எதிர்வினைக்குப் பிறகு பொதுவாக ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து, மருத்துவமனையில் கண்காணிப்போடு கொடுத்துப் பார்ப்பார்கள். ஏணி முறையும் இதற்குப் பொருந்தாது.

வீட்டில் செய்யக்கூடிய உணவுகளுக்கும், முதல் துணுக்கைக் காலையில், குழந்தை விழித்திருக்கும் பொழுதில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது கொடுங்கள். இரவு உறங்கப் போகும் முன் வேண்டாம். மூச்சிரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், துவண்டு போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அவசர உதவியை அழைக்க வேண்டும்.

செம்பருத்தி:

இடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வாமை மருத்துவர் சோதனை செய்தார். முட்டைக்கு நேர்மறை, பாலுக்கும் வேர்க்கடலைக்கும் எதிர்மறை. முட்டை மருத்துவமனையில்தான் என்று முடிவாகி, நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை வீட்டில் வைத்துக்கொள்ள மருந்தும் செயல்திட்டமும் எழுதிக் கொடுத்தார்கள். வேர்க்கடலையை மசித்து நீர்க்கக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். கோதுமையும் சோயாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எந்தச் சலனமும் இல்லாமல் தங்கிவிட்டன. நான் பால் பொருட்களை உண்ணத் தொடங்கியும் அவன் மலம் மாறவில்லை. இப்போது பால் ஏணியின் முதல் படியில் நிற்கிறோம்.

இரண்டு ஐயங்கள். தக்காளி கலந்த உணவு உண்டால் உதட்டைச் சுற்றித் தட்டையாகச் சிவந்து, அரை மணியில் மறைகிறது. இதையும் நீக்க வேண்டுமா? அடுத்து, பிஸ்கட்டை இரண்டு நாள் ஆவலோடு உண்டவன் மூன்றாம் நாள் துப்பிவிட்டான். ஒத்துக்கொள்ளாததை உடல் தானே மறுக்கிறது என்கிறார் என் மாமியார்.

நெட்டிலிங்கம்:

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் பதிவேட்டில் துப்பியதை ஒரு நிரலில் தனியாகத்தான் எழுதினோம். இந்த வயதில் நேற்று விரும்பியதை இன்று துப்புவது வளர்ச்சியின் பகுதி. வாந்தியோ தடிப்போ மலமாற்றமோ கூட இருந்தாலொழிய அது எதிர்வினை ஆகாது. வற்புறுத்தாமல் வேறொரு நாள் வேறொரு வடிவில் வைத்துப் பாருங்கள்.

மகிழம்பூ:

நெட்டிலிங்கம் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். மாமியாரின் கூற்றில் ஒரு சிறு உண்மை உண்டு: உடனடி ஒவ்வாமை உள்ள சில குழந்தைகள் அந்த உணவை மட்டும் விடாமல் மறுப்பார்கள். ஆனால் சோதனை எதிர்மறையாக வந்து, இரண்டு நாள் ஆவலோடு உண்டவனுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை.

தக்காளி, எலுமிச்சை வகைப் பழங்கள், ஸ்ட்ராபெரி போன்றவற்றின் புளிப்பு, கரப்பான் உள்ள குழந்தையின் மென்மையான தோலில் பட்ட இடத்தை மட்டும் சிவக்கச் செய்யும். அது பட்ட இடத்தோடு நின்று, தடிப்பாக எழாமல் விரைவில் மறைந்தால், உணவை நீக்க வேண்டியதில்லை. உண்ணும் முன் வாயைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசி, உண்டதும் துடைத்துவிடுங்கள். உடலின் வேறு இடங்களில் தடிப்பு எழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாங்கிக்கொண்ட உணவுகளை வாரத்துக்கு ஓரிரு முறையாவது அவன் தட்டில் வையுங்கள். வேர்க்கடலையை இன்னும் சற்று அடிக்கடி. முழுக்கடலை மட்டும் வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. பால் ஏணி முடியும்வரை அவனுக்குக் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கிடுங்கள். கால்சியம் சேர்த்த தாவரப் பானமாக இருந்தால் அது அடியில் படியும், ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். இத்தனை மாதங்கள் விலக்கில் இருந்ததால், வைட்டமின் டி, அயோடின், பி12 ஆகியவற்றைப் பற்றி அடுத்த சந்திப்பில் உங்களுக்காகவும் கேளுங்கள்.

செம்பருத்தி:

கேட்கிறேன். முட்டைக்கான நாள் முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை பால் ஏணியில் இரண்டாம் படிக்குப் போவதா, அல்லது அந்த நாள் தாண்டும்வரை முதல் படியிலேயே நிற்பதா?

மகிழம்பூ:

அந்த நாளுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். மருத்துவமனையில் எழும் அறிகுறி எதனால் என்ற குழப்பம் அவர்களுக்கு வரக் கூடாது. அதற்கு முன் இரண்டாம் படிக்குத் தாராளமாகப் போகலாம், முட்டை கலக்காத மாவில்.